இல்லினாயின் உச்சியில் ஒரு புல்

(தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, உடம்பு முடியாதபோதும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த ஆசிரியை அம்மா அவர்களே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று நமக்கெல்லாம் வடை சுட்டுப் போட்ட தொண்டர்களே, குழந்தைகளே, வணக்கம். பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களுக்கு என் தனி நன்றி.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.’ என் அம்மா அடிக்கடி சொல்வது. இன்று மூன்று விஷயம் பேசப்போகிறேன்: மலை, ஈயச்சுரங்கம், புல்.

நம் இல்லினாய் மாநிலத்தின் உயரமான இயற்கை இடம் சார்லஸ் மவுண்ட். 1,235 அடி. இயற்கை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் சிகாகோ வில்லிஸ் டவரின் உச்சி இதைவிட உயரம். டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் கட்டுமானப் பொறியாளராக இருந்து எழுப்பிய கோபுரம் அது. மாநிலத்தின் பெரும்பகுதியைப் பனிப்பாறைகள் தேய்த்துச் சமமாக்கின. வடமேற்கு மூலையைத் தொடாமல் விட்டன. அதனால்தான் அங்கே குன்றுகள்.

குன்று தனியார் நிலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாதத்தின் முதல் முழு வார இறுதியில் மட்டும் திறந்துவிடுகிறார்கள். செப்டம்பரில் அம்மாவைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் சோளக்காடு. பழனிக்காரர் அம்மா. “மலை எங்கப்பா?” என்று மூன்று முறை கேட்டார். காரை நிறுத்திவிட்டுச் சரளைப் பாதையில் நடந்தோம். பாதி வழியில் மூச்சு வாங்கியது. “நீ போய்ப் பார்த்துட்டு வா” என்றார். சரி, கொஞ்சம் உட்காரலாம் என்றேன். அப்போது வேலியோரம் ஆளுயரத்துக்கு ஒரு புல். அம்மா கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தார். மூன்றாகப் பிரிந்திருந்தது. “கோழிக்கால் மாதிரி இருக்கே!” என்றார். இந்த ஊர்க்காரர்களும் அதற்கு வான்கோழிக்கால் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், அம்மாவுக்கு யார் சொன்னது? பிடித்து இழுத்தார், அசையவில்லை. அப்புறம் எழுந்து, என் தோளைக்கூடப் பிடிக்காமல் உச்சிவரை நடந்தார். மேலே இருந்த நோட்டில் தமிழில் தன் பெயரை எழுதினார்.

ஈயச்சுரங்கத்துக்கு வருகிறேன். பக்கத்து ஊர் கலீனாவின் பெயரே ஈயத் தாதுவின் பெயர்தான். செயலாளர் மணி காட்டுகிறார். அதை இன்னொரு மேடையில் பேசிக்கொள்ளலாம்.

புல்லைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். பிக் புளூஸ்டெம் என்ற அந்தப் புல்லின் வேர் பத்தடி ஆழம்கூடப் போகும். இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் இந்த மாநிலத்தை மூடியிருந்த புல்வெளி அது. 1837இல் கிராண்ட் டிடூர் கிராமத்தில் ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்தார். ஒட்டும் கரிசல் மண் புரண்டது, புல்வெளி வயலானது. இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பிரெய்ரி மாநிலம்’, அதாவது புல்வெளி மாநிலம் என்று நமக்குப் பட்டப்பெயர் இருந்தால் போதுமா?

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். நம் பள்ளிக்குப் பின்னால் வெறுமனே கிடக்கும் துண்டு நிலத்தை எனக்குக் கொடுங்கள். தலைவர் அவர்கள் இந்த மேடையிலேயே சரி என்று சொல்ல வேண்டும். குளிருக்கு முன் விதைத்தால் வசந்தத்தில் முளைக்கும். விதை சேகரிக்க அனுமதி வாங்கியாயிற்று. சனிக்கிழமை காலை 9 மணி. ஆளுக்கொரு பழைய தலையணை உறை கொண்டுவந்தால் போதும். வாசலில் அம்மா நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.