வாசலில் நிற்கும் காருக்கும் வாடகை வேண்டும்

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, சங்கப் பொறுப்பாளர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

காரைப் பற்றியும் கார் ஓட்டுவதைப் பற்றியும் பேசச் சொன்னீர்கள். ஓட்டுவதைப் பற்றி மட்டும் பேசினால் நமக்குள் கருத்து வேறுபாடே வராது. தேவையில்லாமல் ஹாரன் அடிக்கக் கூடாது, எதிரே வண்டி வந்தால் ஹைபீமைத் தாழ்த்த வேண்டும், பின்னிருக்கையில் அமர்பவரும் சீட்பெல்ட் போட வேண்டும் என்றெல்லாம் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவீர்கள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, இந்த அரங்கில் பலருக்கும் பிடிக்காத ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பொதுத்தெருவில் காரை இலவசமாக நிறுத்திவைக்க நம்மில் எவருக்கும் உரிமை இருக்கக் கூடாது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு வாடகை தர வேண்டும். புதிதாகக் கார் வாங்குபவர், அதை எங்கே நிறுத்தப் போகிறார் என்பதற்குச் சான்று காட்டிய பிறகே பதிவெண் பெற வேண்டும்.

காலையில் ஒரு மணி நேரம் அலுவலகத்துக்கும் மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுக்குமாக ஓடுகிற கார், மீதி 22 மணி நேரம் சும்மா நிற்கிறது. நெரிசல் என்றதும் ஓடுகிற காரைப் பற்றியே பேசுகிறோமே தவிர, நிற்கிற காரின் கணக்கை எவரும் எடுப்பதில்லை. ஒரு காரை நிறுத்த 5 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 135 சதுர அடி. இந்த நகரத்தில் ஒரு குடும்பமே சமைத்து, உண்டு, உறங்கும் ஒற்றை அறைகள் அந்த அளவில்தான் இருக்கின்றன. அந்த அறைக்கு மாதம் பிறந்தால் வாடகை உண்டு, முன்பணமும் உண்டு. அதே அளவு இடத்தை, அதைவிட விலை கூடிய தெருமுனையில், ஒரு ரூபாய் கூடக் கொடுக்காமல் காருக்கு எடுத்துக்கொள்கிறோம்.

நம் பகுதியின் உட்தெருக்களில் பல 20 அடி அகலம் கொண்டவை, அதாவது 6 மீட்டர். பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து ஒரு காரின் அகலம் 2 மீட்டர் அளவுக்கு வரும். இருபுறமும் மதிலை ஒட்டியே நிறுத்தினாலும் நடுவில் மிஞ்சுவது 2 மீட்டர்தான். கனரக வண்டிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் அகலமோ 2.6 மீட்டர். தீயணைப்பு வண்டிக்கு அந்தத் தெருவில் வழியில்லை என்பதை நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். 108 ஆம்புலன்ஸ் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு எப்படியோ நுழைந்துவிட்டாலும், எதிரே ஓர் ஆட்டோ வந்துவிட்டால் இரண்டில் ஒன்று தெருமுனை வரை பின்னோக்கிப் போக வேண்டும். அதற்குள் போகும் நிமிடங்கள் யாருடைய வீட்டு நிமிடங்கள் என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது.

நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது தெருவைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பழைய பெயின்ட் வாளியில் சிமென்ட்டை ஊற்றி, நடுவே இரும்புக் குழாயை நட்டு, மதிலுக்கு வெளியே இரண்டு வைத்திருப்பார்கள். சில வீடுகளில் அதற்குப் பதிலாகக் குரோட்டன்ஸ் தொட்டி, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பாதியாக வெட்டிய டயர். கதவில் தொங்கும் ‘நோ பார்க்கிங்’ தகரத்தின் அடிப்பாதியில் டியூஷன் சென்டர் விளம்பரம் இருக்கும். போக்குவரத்துக் காவல்துறை வைக்காத அந்தத் தகரத்தைக் கொண்டு, மாநகராட்சியின் தெருவில் ஒரு பகுதியை அந்த வீட்டார் தம்முடையதாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதே தெருவில் உறை போட்டு மூடிய கார் ஒன்று மாதக்கணக்கில் நிற்கும். அதன் அடியில் சருகு சேர்ந்திருக்கும், தூய்மைப் பணியாளர் சுற்றிலும் பெருக்கிவிட்டுப் போயிருப்பார். மழைநீர் வடிகாலின் மூடிமேல் சக்கரம் ஏறி நின்றால் தூர்வார வந்தவர்கள் என்ன செய்ய முடியும்? அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த மூடிக்குப் போகிறார்கள். ஐப்பசியில் தண்ணீர் தேங்கியதும் மாநகராட்சியைத் திட்டுகிறோம். நிற்பது கார் என்பதால் நமக்கு இது உறுத்தவில்லை. வீட்டில் இடமில்லை என்று ஒருவர் தம் இரும்புப் பீரோவைக் கொண்டுவந்து தெருவில் வைத்திருந்தால், இந்தச் சங்கம் அன்றைக்கே புகார் எழுதியிருக்கும்.

இங்கே ஒரு சட்டத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஒரு வண்டி 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்டால், அதை இழுத்துச் செல்லச் சீருடையிலுள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். உறை போட்ட கார்களின் மீது இந்தப் பிரிவைப் பயன்படுத்தச் சொல்லி நம் சங்கம் எப்போதாவது மனுக் கொடுத்திருக்கிறதா?

மனுக்கள் கொடுத்தோம், வேறு ஆட்கள் மீது. நடைபாதையில் கூடையோடு உட்கார்ந்து பூ விற்கும் அம்மாவை, இஸ்திரி வண்டிக்காரரை, இளநீர்க்காரரை அப்புறப்படுத்தச் சொல்லி எழுதினோம். அவர்களுக்காக நாடாளுமன்றம் 2014இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. தெருவில் கடை போடுபவர் கணக்கெடுப்பில் இடம்பெற வேண்டும், விற்பனைச் சான்றிதழ் பெற வேண்டும், நகர விற்பனைக் குழு வகுக்கும் இடத்தில் அமர வேண்டும், கட்டணம் செலுத்த வேண்டும். நாள் முழுக்க நான்கடி இடத்தில் உட்கார்ந்து பிழைப்பவரிடம் இத்தனையும் கேட்கிற நாம், அதைப் போலப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காரிடம் ஒரு சீட்டு கூடக் கேட்பதில்லை. என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான். ஏழையின் கூடையை ஆக்கிரமிப்பு என்கிறோம், நம் காருக்கு அந்தப் பெயரைச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

சாலை வரி கட்டியிருக்கிறோமே என்பீர்கள். கட்டியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. 2023 நவம்பருக்குப் பிறகு 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 18 சதவீதம். அது சிறிய தொகை அன்று. ஆனால் அந்த வரி மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது, நம் உட்தெருவைப் போட்டுத் தருவதும் பெருக்குவதும் மாநகராட்சி. அதற்குச் சொத்துவரி எல்லாரும் கட்டுகிறார்கள். காரே இல்லாமல் பேருந்தில் போய்வரும் வாடகைக் குடித்தனக்காரரும் தம் வாடகையின் வழியாகக் கட்டுகிறார். அவருடைய பணத்தில் பராமரிக்கப்படும் இடத்தில்தான் நம் கார் இரவு முழுக்க நிற்கிறது.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலின்போது காருக்குள் தண்ணீர் புகுந்து நட்டப்பட்டவர்கள் அவர்களில் பலர். அந்த இரவுகளில் அவர்கள் செய்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாலத்தின் மீது இருந்த கேள்வியை மழை விட்டதும் மறந்துவிட்டோம். நிறுத்த இடமில்லாத ஊரில் இத்தனை கார்கள் எப்படி விற்பனையாயின?

மாடிமாடியாக நிறுத்துமிடம் கட்டினால் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தியாகராய நகரில் தணிகாசலம் சாலையில் 200க்கு மேற்பட்ட கார்களும் 500க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளும் நிற்கக்கூடிய பல அடுக்குக் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், தெருவோரம் இலவசமாகக் கிடைக்குமானால் காசு கொடுத்து மேலே ஏற யாருக்கு மனம் வரும்? தெருவுக்கு விலை வைக்காதவரை எத்தனை கட்டடம் எழுப்பினாலும் பலன் குறைவுதான்.

விலை வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் 1962இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, கார் வாங்குபவர் தமக்கு நிறுத்துமிடம் இருப்பதற்கான சான்றைக் காவல் நிலையத்தில் பெற்றாக வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. சில ஊர்களில் சிறிய கார்களுக்கும், சில சிற்றூர்களில் எல்லாக் கார்களுக்கும் விலக்கு உண்டு. டோக்கியோவின் குடியிருப்புத் தெருக்கள் நம்முடையவற்றைப் போலவே குறுகியவை. ஆனாலும் தெருவோரம் இரவு முழுக்கக் காரை நிறுத்திவைக்க முடியாது. அந்தத் தெருக்களில் குழந்தைகள் தனியாக நடந்து பள்ளிக்குப் போகிறார்கள்.

கலிபோர்னியாவின் பசதீனா நகரத்தில் நடந்தது இன்னும் நமக்குப் பயன்படும். பழைய கடைத்தெருவில், வண்டி நிறுத்தும் நேரத்துக்குக் காசு வாங்கும் மீட்டர் கருவிகளை வைக்க நகராட்சி முனைந்தபோது, வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்று வணிகர்கள் எதிர்த்தார்கள். வசூலாகும் பணத்தை அந்தத் தெருவுக்கே செலவழிப்போம் என்று நகராட்சி உறுதி கொடுத்ததும் எதிர்ப்புத் தணிந்தது. 1993இல் மீட்டர்கள் வந்தன. அந்தப் பணத்தில் நடைபாதையும் விளக்கும் மரங்களும் வந்தன, தெரு செழித்தது. வாடகை எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் கொடுப்பவர்க்கும் மனம் வரும்.

நடுத்தரக் குடும்பத்தின் கனவில் கை வைக்கிறீர்களே என்று சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர் கோபப்பட்டார். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். வயதான பெற்றோரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்பவர், மாற்றுத்திறனாளி உள்ள வீட்டார், காரை ஓட்டியே பிழைக்கும் டாக்சி ஓட்டுநர் ஆகியோருக்குக் கட்டண விலக்கோ சலுகையோ கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரே வீட்டின் மூன்றாவது காருக்கும் அதே இரக்கத்தைக் கேட்காதீர்கள். கட்டடத்தின் கீழே தூண்களுக்கிடையில் கார் நிறுத்த விட்ட ஸ்டில்ட் பார்க்கிங்கில் பழைய சோபாவையும் அட்டைப்பெட்டிகளையும் அடுக்கிவிட்டுக் காரைத் தெருவில் விடும் வீடுகள் நம் பகுதியிலேயே இருக்கின்றன. கட்டட அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் அந்த இடத்தைக் காருக்கென்று காட்டித்தான் வாங்கினோம்.

தீர்மான வரைவு ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய மூன்று தெருக்களில் ஒருபுறம் மட்டுமே வண்டி நிறுத்தலாம் என்று அறிவிக்கும்படி காவல்துறையைக் கேட்பது. அங்கே மாதக் கட்டணச் சீட்டு முறையை ஓராண்டு நடத்திப் பார்க்க மாநகராட்சியை வேண்டுவது. வசூலாவதை அதே தெருக்களின் நடைபாதைக்கும் விளக்குக்கும் ஒதுக்கச் சொல்வது. இவற்றோடு, நம் உறுப்பினர்கள் வைத்திருக்கும் சிமென்ட் வாளிகளையும் தொட்டிகளையும் தகரப் பலகைகளையும் இந்த மாத இறுதிக்குள் நாமே எடுத்துவிடுவது என்ற நான்காவது அம்சமும் உண்டு. அதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை என்பதால் அதை முதலில் வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.