கொலம்பியா என்றால் பயமா? மெட்ரோவில் ஏறுங்கள்!

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அரங்கை அதிரவைத்த பேராசிரியர் பெருமக்களே, பொன்னாடை போர்த்திய புரவலர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் நண்பர்களே! கொடுத்த நேரத்தில் பாதியை வணக்கத்துக்கே செலவழிப்பது நம் மேடை மரபு. நான் கால்வாசியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்று செய்திகள். கொலம்பியா பற்றிய பயம் எங்கிருந்து வந்தது, அங்கே எப்படி நடந்துகொள்வது, ஸ்பானிஷ் தெரியாமல் எப்படிச் சமாளிப்பது.

பயம் சும்மா வரவில்லை. 1991-இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் லட்சம் பேருக்கு 350-க்கும் மேற்பட்ட கொலைகள். 2020-க்குப் பிறகு அது 20-க்கும் கீழே. நம் மனத்தில் ஓடுவதோ இன்னும் பழைய படம்தான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

மொனாக்கோ கட்டடத்தின் கதையைக் கேளுங்கள். மெடலினில் போதைப்பொருள் கடத்தல் கும்பலின் தலைவனாக இருந்த பாப்லோ எஸ்கோபர் குடும்பத்தோடு குடியிருந்த எட்டு மாடி. 1988-இல் எதிரிக் கும்பல் அதன் வாசலிலேயே கார் குண்டு வைத்தது. கட்டடம் அசையவில்லை. 1993-இல் ஆள் செத்தான். அப்போதும் கட்டடம் நின்றது. பிறகு வந்தார்கள் ஐயா, வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள்! வேன் வேனாக வந்து, அதன் முன்னால் பல்லைக் காட்டிப் படம் எடுத்தார்கள். அவனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் வாழும் ஊரில்! நகராட்சி பொறுத்துப் பார்த்தது. 2019 பிப்ரவரி 22 அன்று, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பார்த்திருக்க, வெடி வைத்துச் சில நொடிகளில் தரைமட்டமாக்கியது. இன்று அங்கே உயிரிழந்தோருக்கான நினைவுப் பூங்கா.

அந்தக் கடத்தல்காரனின் தடம் தேடும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுகிறவர், பழைய பயத்தையே விலை கொடுத்து வாங்கி வருகிறார். மெட்ரோவில் A தடம் பிடித்து அசெவேடோ நிலையத்தில் இறங்குங்கள். அங்கேயே K கேபிள் காருக்கு மாறலாம். 2004-இல் திறந்தது. ஒரு காலத்தில் போலீஸே ஏறத் தயங்கிய சாண்டோ டொமிங்கோ குன்றுக்கு அது போகிறது. கேபிளோடு மற்ற வசதிகளும் போன பகுதிகளில், போகாதவற்றைவிடக் கொலை விகிதம் 66 விழுக்காடு கூடுதலாகக் குறைந்தது என்று 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தீர விசாரிப்பது என்றால் இதுதான்!

வேலைக்குப் போய்வரும் நேரத்தில் வரிசை நீளும்; முற்பகலில் போங்கள். இடி மின்னல் வந்தால் கேபிளை நிறுத்திவிடுவார்கள். மேலே ஆர்வி காட்டுக்குப் போகும் L தடத்துக்குத் தனிக் கட்டணம். தெருவோரம் நின்று போனைத் தட்டாதீர்கள், பைக்கில் வந்து பிடுங்குவார்கள். முன்பின் தெரியாதவர் நீட்டும் பானம் வேண்டவே வேண்டாம். ஸ்கோபொலமைன் என்ற மயக்க மருந்தைக் கலந்து கொடுத்து, நினைவு தப்பியதும் உருவிவிடுவார்கள். இருட்டிய பிறகு நகர மையத்தில் நடக்காமல், செயலியில் டாக்சி பிடியுங்கள்.

செயலாளர் சீட்டு நீட்டுகிறார். ஸ்பானிஷ் இன்னொரு மேடைக்கு. வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. சுற்றுலா நிறுவனங்கள் மெடலின் பயணத்தில் ஒரு நாளாவது தனி வண்டியை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு மெட்ரோ பயணச்சீட்டு வாங்கித் தரவேண்டும் என்று கேட்கிறோம். பேனாவும் அங்கேயே இருக்கிறது.