பெங்கால் என்றொரு கண்ணிவாரிக் கப்பல்

நேயர்களுக்கு வணக்கம். கண்ணிவாரிக் கப்பலுக்குச் சண்டை போடுவது முதல் வேலை அல்ல. நீளமான எஃகு வடத்தைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டே போகும். கண்ணிவெடியை அடியில் பிடித்து வைத்திருக்கும் கம்பி அதில் சிக்கி அறுபடும். வெடி மேலே வந்து மிதக்கும், உடனே சுட்டு அழிப்பார்கள். பொறுமையான, ஆபத்தான வேலை.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவின் ராயல் இந்தியக் கடற்படைக்காக ஆஸ்திரேலியாவில் அப்படி நான்கு கப்பல்கள் கட்டினார்கள். ஒன்றின் பெயர் மெட்ராஸ், இன்னொன்று பெங்கால். சிட்னியில் உருவான பெங்கால் 1942 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. 4 அங்குலப் பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் அதற்குக் கிடைத்தது 3 அங்குலப் பீரங்கிதான்.

அதே வருடம் நவம்பர் 11. ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்தது பெங்கால். கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன: ஹொக்கோகு மாரு, ஐக்கோகு மாரு. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். பெங்காலோ ஆயிரம் டன்கூடத் தேறாது.

கப்பல் தலைவர் வில்சன் ஒண்டினாவைத் தப்பிப் போகச் சொன்னார். பெங்காலை எதிரியை நோக்கித் திருப்பினார். ஒண்டினாவும் தன் ஒரே பீரங்கியால் சுட்டது. கையிருப்பு வெறும் 32 குண்டுகள். சற்று நேரத்தில் ஹொக்கோகு மாருவில் ஒரு குண்டு விழுந்து தீப்பிடித்தது. பெரும் வெடிப்புக்குப் பின் அது மூழ்கியே போனது.

குண்டுகள் தீரும் நிலையில், அடிபட்ட பெங்கால் புகைத்திரைக்குள் விலகி டியகோ கார்சியா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒருவரும் சாகவில்லை. ஒண்டினாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தலைவர் ஹோர்ஸ்மன் மாண்டார். டார்பிடோ தாக்கியது. படகில் இறங்கியவர்களையும் சுட்டார்கள். எதிரி போனதும் மிஞ்சியவர்கள் மறுபடி ஏறி, தீயை அணைத்து, கப்பலை ஆஸ்திரேலியத் துறைமுகமான ஃப்ரீமாண்டிலுக்கே ஓட்டி வந்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய தீரம் அதுதான்.

ஹொக்கோகு மாருவில் விழுந்த அந்தக் குண்டு யாருடையது என்று இன்றும் வாதாடுகிறார்கள். எந்தக் கப்பல் சுட்டிருந்தால் என்ன? பெங்கால் எதிரே போகாமல் இருந்திருந்தால், இரண்டு எதிரிகளின் பீரங்கிகளும் முதலிலிருந்தே எண்ணெய்க் கப்பலைத்தான் குறிவைத்திருக்கும். வில்சனுக்கு விருது கிடைத்தது, சரி. அந்தச் சின்னப் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுத்த இந்திய மாலுமிகளின் பெயர்களையும் சேர்த்துத்தான் இந்தச் சண்டையைச் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.