மூன்றாமவரிடம் மறைத்தால்

நடுவர் அவர்களே, ராயபுரத்து மக்களே, வணக்கம்.

"மூவர் கூட்டணி உடைவது வெளிப்பகையாலா, உள்மறைப்பாலா?" உள்மறைப்பால்தான் என்பது என் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "இரண்டாம் உலகப் போரில் அடி விழுந்தது, 1943-ல் இத்தாலி கழன்றுகொண்டது, அவ்வளவுதான்" என்றார். அண்ணே, அடி விழுவதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிட்டீர்களே!

1940 செப்டம்பர் 27. பெர்லினில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகின்றன. அடுத்த மாதமே இத்தாலித் தலைவர் முசோலினியைக் கலந்து பேசாமல் ருமேனியாவுக்குப் படை அனுப்புகிறார் ஹிட்லர். முசோலினிக்கு ஆத்திரம். நீ சொன்னாயா, நானும் சொல்லமாட்டேன் என்று அக்டோபர் 28 அன்று கிரீஸ் மேல் பாய்கிறார். அங்கே உதைபட்டுத் திரும்பியதும், காப்பாற்ற ஜெர்மனிதான் போகவேண்டி வந்தது.

ஜப்பான் கதை இன்னும் மோசம். 1941-ல் அதன் வெளியுறவு அமைச்சர் மட்சுவோகா பெர்லினுக்கே போய் ஹிட்லரைப் பார்க்கிறார். சோவியத் மேல் படையெடுக்கும் ஜெர்மனியின் திட்டம் தயார். மட்சுவோகாவிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. மனிதர் திரும்பும் வழியில் மாஸ்கோவில் இறங்கி, ஏப்ரல் 13 அன்று அதே சோவியத்தோடு நடுநிலை ஒப்பந்தம் போட்டுவிட்டார்! ஜூன் 22-ல் ஜெர்மனி உள்ளே நுழைந்தது. ஜப்பான் கூட வரவில்லை. டிசம்பரில் ஜப்பான் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது நாளும் இடமும் பெர்லினுக்குத் தெரியாது.

என் அப்பா காசிமேட்டில் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு விசைப்படகு வைத்திருந்தார். புயலைத் தாங்கியது அந்தக் கூட்டு. ஒரு பங்காளி வியாபாரியிடம் தனியாக முன்பணம் வாங்கியது தெரிந்த அன்றைக்கு முடிந்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. பணத்துக்காக இல்லை, "கேட்டிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேனே" என்று.

முதல் உலகப் போருக்கு வாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, இதோ நம்ம துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டது. 'சரியான எம்டன்டா அவன்' என்று இன்னும் சொல்கிறோம். அந்த ஜெர்மனிக்கும் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கும் இத்தாலி அப்போது 32 வருடக் கூட்டாளி, 1882 முதல். ஆனால் போருக்கு வரவில்லை. செர்பியாவுக்கு ஆஸ்திரியா கெடு விதித்தபோது இத்தாலியைக் கேட்கவே இல்லை. இத்தாலி மட்டும் யோக்கியமா? 1902-லேயே பிரான்சோடு ரகசியமாகப் பேசி வைத்திருந்தது. 1915 ஏப்ரலில் லண்டனில் இன்னொரு ரகசிய ஒப்பந்தம். மே மாதம் ஆஸ்திரியா மேலேயே போர்.

"இரண்டாம் உலகப் போரில் ஜெயித்த மூவர், அமெரிக்கா, பிரிட்டன், சோவியத்?" என்று எதிரணி கேட்கும். கேளுங்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் 1943-ல் கியூபெக்கில், அணுகுண்டு விஷயத்தை ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் மூன்றாமவரிடம் சொல்வதில்லை என்று எழுதிக்கொண்டார்கள். சோவியத் என்ன செய்தது? உளவாளிகளை வைத்து அதைத் தெரிந்துகொண்டது. 1945 ஜூலை 24, ஜெர்மனியின் போட்ஸ்டாமில் மூவரும் கூடிய மாநாடு. புதிதாக ஒரு பயங்கர ஆயுதம் இருக்கிறது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் போகிற போக்கில் சொல்கிறார். எல்லாம் முன்பே தெரிந்த சோவியத் தலைவர் ஸ்டாலின், தெரியாதவர்போல் கேட்டுக்கொள்கிறார்.

ஹிட்லர் செத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அந்த அறையில் எந்த வெளிப்பகை உட்கார்ந்திருந்தது, நடுவர் அவர்களே?