பாமாயில் வழக்கில் வென்றது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ரேஷன் கடையில் நாம் வாங்குகிற பாமாயில், ஐரோப்பாவில் வண்டி ஓட்டும் டீசலிலும் கலக்கப்படுகிறது. அதை வைத்து உலக வர்த்தக அமைப்பில் வழக்கே நடந்தது.

புகையைக் குறைக்கத் தாவர எண்ணெய் டீசலை ஊக்குவித்தது ஐரோப்பிய ஒன்றியம்தான். அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. சமையலுக்குப் போன எண்ணெயை டீசலுக்குத் திருப்பினால், சமையலுக்கு வேண்டியதை வேறெங்காவது காட்டை வெட்டி விளைவிப்பார்கள். எங்கே என்று நேரில் போய்க் காட்ட முடியாது, கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். 2008 முதல் 2016 வரையிலான தரவுகளை வைத்துப் போட்டார்கள். செம்பனை (எண்ணெய்ப்பனையை மலேசியத் தமிழர் இப்படித்தான் சொல்வார்கள், நல்ல சொல்) புதிதாகப் பரவிய நிலத்தில் 45 சதவீதம் காடாக இருந்தது என்று வந்தது. சோயாவுக்கு 8 சதவீதம். வரம்பு 10 என்பதால் சோயா தப்பியது. பாமாயில் டீசலைப் பசுமை எரிபொருள் கணக்கிலிருந்து 2030க்குள் படிப்படியாக நீக்குவது என்று முடிவானது.

இந்தோனேசியா 2019இலும், மலேசியா 2021இலும் வழக்குப் போட்டன. மலேசிய வழக்கின் தீர்ப்பு 2024 மார்ச்சில் வந்தது. காட்டைக் காக்க இப்படி விதி போடலாமா? போடலாம் என்றது விசாரணைக் குழு. ஆனால் தரவுகளை உரிய காலத்தில் மறுபடி சரிபார்க்கவில்லை, இந்த நீக்கத்திலிருந்து சிலருக்கு விலக்குத் தரும் முறையிலும் குறை இருக்கிறது என்றது. இரு தரப்பும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொண்டன!

எனக்கு உறுத்துவது அந்த விலக்குதான். அதில் சிறு விவசாயிக்குச் சலுகை உண்டு, ஆனால் 2 ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவரே அங்கே சிறு விவசாயி. மலேசியாவின் பெல்டா குடியேற்றத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வழக்கமாகக் கிடைத்ததே 10 ஏக்கர், அதாவது 4 ஹெக்டேர். காடழிப்பைத் தடுக்க அதே ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த இன்னொரு சட்டத்தில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. பொருள் எந்த நிலத்தில் விளைந்தது என்று அங்கே காட்ட வேண்டும்; 4 ஹெக்டேர் வரை நிலத்தின் எல்லையை வரைந்து காட்ட வேண்டாம், வரைபடத்தில் ஒரு புள்ளி போதும்.

சரி, புள்ளி வைத்தாயிற்று. தனியாகப் பயிர் செய்கிறவர் குலைகளைத் தரகரிடம் போடுகிறார். பல தோட்டத்துக் குலைகள் ஒரே லாரியில் ஆலைக்குப் போகின்றன. அறுத்த குலையைச் சீக்கிரம் ஆலையில் போடாவிட்டால் எண்ணெயின் தரம் போய்விடும். எந்தக் குலை எந்தப் புள்ளியில் விளைந்தது என்று ஆலை வாசலில் நின்று யார் பிரிப்பது? அந்தச் செலவு யார் தலையில்?