ஜல்லிச் சாலையில் முதலில் இறங்கியவர்கள்

[காட்சி: ஐயோவா மாநிலம், வானிலிருந்து. சோள வயல்கள், நடுவே வெளுத்த கோடுகளாகச் சாலைகள்.]

அமெரிக்காவின் நடுப்பகுதியை விமான ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். 1785-ல் வந்த நிலச் சட்டப்படி, நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரமாக அளந்து விற்றார்கள். சதுரத்தின் ஓரங்களில் சாலை வந்தது. தார் போடும் அளவுக்கு அதில் போக்குவரத்து கிடையாது. உடைத்த சுண்ணாம்புக் கல்லைக் கொட்டி, கிரேடரை விட்டு இழுத்துச் சமப்படுத்தினால் சரி. டிராக்டருக்கும் தானிய லாரிக்கும் அது போதும்.

அந்தச் சாலைகளில் நாள் முழுக்க, சில சமயம் இரவு முழுக்க சைக்கிள் ஓட்டுவதுதான் கிராவல் சைக்கிளிங். மண் சாலையில் சைக்கிள் ஓட்டுவது ஒன்றும் புதிதல்ல, சைக்கிள் பிறந்த காலத்தில் தார்ச் சாலையே கிடையாது. ஆனால் இன்று நாம் பார்க்கும் கிராவல் பந்தயம், அதற்கென்று ஒரு சைக்கிள், அதைச் சுற்றிய பழக்கவழக்கங்கள், இவற்றுக்கெல்லாம் வழி போட்டவர்கள் ஐயோவா, மினசோட்டா, கான்சஸ் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சிலர். பணம் வரும் என்று நினைத்து யாரும் இதில் இறங்கவில்லை. அவர்களைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[காட்சி: இருட்டு. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஜல்லிச் சாலை.]

2005 ஏப்ரல். மார்க் ஸ்டீவன்சன், ஜெஃப் கெர்கோவ் என்ற இரண்டு பேர் ஐயோவாவின் மேற்கு எல்லையிலிருந்து கிழக்குப் பக்கம் வரை ஒரு பந்தயம் வைத்தார்கள். ஹாவார்டன் ஊரில் கிளம்பி டெகோராவில் முடியும் அந்தப் பாதை 300 மைலுக்கு மேல், கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். பெயர் ட்ரான்ஸ் ஐயோவா. நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. வழியில் உணவு மேசையோ உதவி வண்டியோ கிடையாது. பசித்தால் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான். முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் ஐரா ரையன், போர்ட்லேண்டில் கையால் சைக்கிள் பிரேம் செய்கிறவர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கியூ ஷீட். அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

[காட்சி: ஹேண்டில்பாரில் கட்டிய பிளாஸ்டிக் உறை. உள்ளே வரிவரியாக அச்சிட்ட சிறு தாள்.]

ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டக் கூடாது. கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் தூரமும் திருப்பமும் மட்டும் இருக்கும்: 12.4, இடது. 13.4, நேரே. 17.9, வலது. சைக்கிளில் இருக்கும் தூரமானியைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். எங்கேயாவது அரை மைல் வழி தவறினாலும் அதன் பிறகு தாளில் இருக்கும் எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாது. கூட்டிக் கழித்துக்கொண்டே ஓட்ட வேண்டும், அதுவும் ராத்திரி மூன்று மணிக்கு, மழையில். மொத்தப் பாதையையும் முதலிலேயே தந்துவிட மாட்டார்கள். முதல் சோதனைச் சாவடி வரைக்கும்தான் தாள். குறித்த நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் மிச்சத் தாள்கள் கிடைக்கும், தாமதமானால் அத்தோடு முடிந்தது.

ஓட்டுகிறவருக்கு ஒரு தாள்தான். ஆனால் அதைத் தயாரிக்க நடத்துகிறவர் மொத்தத் தூரத்தையும் காரில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு திருப்பத்தையும் அளந்து, எந்தப் பாலத்தை மூடியிருக்கிறார்கள், எந்தச் சாலையைப் புதிதாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று சரிபார்த்தாக வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே, சொந்த பெட்ரோல் செலவில் இதைச் செய்தார்கள்.

ஐயோவாவில் 'லெவல் பி' என்று ஒரு வகைச் சாலை உண்டு. அரசு மிகக் குறைவாகவே பராமரிக்கும் வெறும் மண் பாதை அது. 'உங்கள் சொந்தப் பொறுப்பில் நுழையுங்கள்' என்று பலகை வைத்திருப்பார்கள். மழை பெய்தால் களிமண் டயரில் சுருண்டு ஏறி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் அடைத்து, சக்கரமே சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரத்துப் புல்லில் நடக்க வேண்டும். ஒருவர்கூட முடிக்காத ஆண்டுகளும் ட்ரான்ஸ் ஐயோவாவில் உண்டு.

[காட்சி: மினசோட்டா. ஒரு சிற்றூரின் கடைத்தெருவில் சைக்கிள் கூட்டம்.]

இரண்டு வருடம் கழித்து, 2007-ல், மினசோட்டாவில் கிறிஸ் ஸ்கோகன் ஆல்மன்சோ 100 பந்தயத்தைத் தொடங்கினார். 100 மைல், இதுவும் இலவசம். கலந்துகொள்ள ஒரு தபால் அட்டையில் பெயர் எழுதி அனுப்பினால் போதும். ஒரு சில பேரோடு ஆரம்பித்தது, சில ஆண்டுகளில் ஸ்பிரிங் வேலி என்ற சின்ன ஊருக்குள் ஆயிரம் பேர் வந்து இறங்கும் அளவுக்கு வளர்ந்தது. முடித்து வருகிறவர்களை முடிவுக் கோட்டில் நின்று கைகுலுக்கி வரவேற்பது ஸ்கோகனின் வழக்கமாக இருந்தது. முதலாவதாக வந்தவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் அதே கைகுலுக்கல்தான். பிறகு ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் பாபி வின்டில் நடத்தும் பந்தயத்தில் அது கட்டிப்பிடித்து வரவேற்பதாக ஆயிற்று.

நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்துக்காரர்களையும் விட்டுவிட முடியாது. பைரேட் சைக்கிளிங் லீக் என்ற அந்தக் குழு 2010-லேயே தங்கள் பந்தயத்துக்கு 'கிராவல் வேர்ல்ட்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அதிகாரபூர்வமாக உலக சாம்பியன்ஷிப் நடத்தியது 2022-ல், இத்தாலியில்.

[காட்சி: கான்சஸ், ஃபிளின்ட் ஹில்ஸ். மரமே இல்லாத புல்மேடுகள்.]

இப்போது கான்சஸ். ட்ரான்ஸ் ஐயோவாவைப் பார்த்து உந்துதல் பெற்று, ஜிம் கம்மின்ஸும் ஜோயல் டைக்கும் 2006-ல் எம்போரியா ஊரில் 200 மைல் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். வந்தவர்கள் 34 பேர். இன்று அன்பவுண்ட் கிராவல் என்று உலகமே அறிந்த பந்தயம் அதுதான். 2018-ல் உடற்பயிற்சிக் கூடங்கள் நடத்தும் லைஃப் டைம் நிறுவனம் அதை வாங்கியது. இப்போது எல்லாத் தூரங்களையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கானோர் ஓட்டுகிறார்கள். ரெபெக்கா ரஷ் 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருடம் பெண்கள் பிரிவில் ஜெயித்தார். அப்புறம் எம்போரியாவின் கிறிஸ்டி மோன். 200 மைலுக்கு 200 பெண்களைத் தொடக்கக் கோட்டில் நிறுத்தியே தீருவது என்று 2017-ல் அவர் பாடுபட்டார். பெண்களுக்கு இந்த விளையாட்டில் கதவு அகலமாகத் திறந்தது அப்படித்தான்.

ஃபிளின்ட் ஹில்ஸில் சுண்ணாம்புப் பாறைக்குள் சிக்கிமுக்கிக் கல் அடுக்கடுக்காக இருக்கிறது. கலப்பை இறங்காத நிலம் என்பதால்தான் அங்கே புல்வெளி தப்பித்தது. வட அமெரிக்காவின் உயர்புல் வெளியில் மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு, அதில் பெரும்பகுதி இங்கேதான். அந்தக் கல்லின் விளிம்பு கத்திபோல டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். பழங்குடிகள் அம்புமுனை செய்தது இதே வகைக் கல்லில்தான்.

பழங்குடிகள் என்றால் இங்கே கான்சா மக்கள். கா என்றும் சொல்வார்கள். கான்சஸ் என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்தது. 1873-ல் அவர்களை இந்த மண்ணிலிருந்து இப்போதைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பந்தயத்தின் பழைய பெயரில் 'டர்ட்டி', அதாவது அழுக்கான, என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த மக்களின் பெயர் இருந்தது. 2020-ல் அதை மாற்றினார்கள். மாற்றியது சரி, இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். முன்னோடிகளைக் கௌரவிக்கிறோம் என்று சொல்லும்போது இந்தப் புல்வெளியின் முன்னோடிகளை விட்டுவிட முடியுமா?

[காட்சி: எம்போரியா, கமர்ஷியல் தெரு. பழைய கிரனாடா தியேட்டரின் முகப்பு.]

எம்போரியாவை இருப்பிடமாகக் கொண்டு இப்போது கிராவல் சைக்கிளிங் கௌரவ மண்டபம் என்ற அமைப்பு இயங்குகிறது. 2022-ல் முதல் வரிசை முன்னோடிகளைக் கௌரவித்தது. எனக்கு அதில் ரொம்பவே மகிழ்ச்சி. ஆனால் ஜெயித்தவர்களின் பட்டியல் எப்படியும் நிலைத்துவிடும். நள்ளிரவில் நாற்சந்தியில் காரை நிறுத்தி எண்களைக் குறித்தவர்கள், சோதனைச் சாவடியில் குளிரில் காத்திருந்தவர்கள், இவர்களை யார் எழுதி வைப்பது?

மார்க் ஸ்டீவன்சன் 2018-ல், 14-வது பந்தயத்தோடு, ட்ரான்ஸ் ஐயோவாவை நிறுத்திக்கொண்டார். அந்தக் கியூ ஷீட்டுகளும் ஆல்மன்சோவுக்கு வந்த தபால் அட்டைகளும் வெறும் காகிதம். நனைந்தவை பாதி இருக்கும், வீட்டைக் காலி செய்யும்போது குப்பைக்குப் போனவை மீதி இருக்கும். மிஞ்சியதை இப்போதே கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும், நடத்தியவர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுக்க வேண்டும். நடந்து இருபது வருடம்தான் ஆகிறது, கேட்டால் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.