வயசான கோழி ஒடுங்கி நிக்குதா? மருந்துக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க

அடுத்த கேள்வி ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "எங்க நாட்டுக்கோழிக்கு 4 வயசு. 3 நாளா இறகைச் சிலுப்பிக்கிட்டு மூலையிலேயே நிக்குது. தீனி எடுக்கல, பச்சையா கழியுது. மத்த 5 கோழியும் நல்லா இருக்கு. என்ன மாத்திரை கொடுக்கலாம்?"

மாத்திரையை இப்போதைக்கு ஓரமா வைங்கம்மா. பச்சைக் கழிச்சலைப் பார்த்ததும் எல்லாரும் வெள்ளைக்கழிச்சல்னு, அதாவது கோழிக்குக் கோழி பரவுற ராணிக்கெட் நோய்னு பயந்துடுறாங்க. பட்டினி கிடக்குற எந்தக் கோழியும் பச்சையாத்தான் கழியும். குடல்ல தீனி இல்லாததால பித்தம் அப்படியே வெளிய வருது, அவ்வளவுதான். வெள்ளைக்கழிச்சல்னா பெரும்பாலும் பக்கத்துக் கோழியும் அடுத்தடுத்து படுத்துடும், கழுத்து திருகும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இருந்தாலும் இந்தக் கோழியை உடனே பிரிச்சிடுங்க. நிழல்ல பழைய செய்தித்தாளை விரிச்சு, தண்ணி வச்சு, பஞ்சாரத்தைக் கவுத்துங்க. தாள்ல விழுற எச்சம் நமக்கு வேணும்.

ராத்திரி தீனியை எடுத்துடுங்க. காலையில தீனி வைக்கிறதுக்கு முன்னாடி கழுத்துக்குக் கீழ, நெஞ்சுக்கு வலப்பக்கம் இருக்குற இரைப்பையைத் தொடுங்க. நல்ல கோழிக்கு அந்த நேரத்துல அது காலியா, தட்டையா இருக்கும். பிசைஞ்ச மாவு மாதிரி கெட்டியா உருண்டை கிடந்தா அடைப்பு. காஞ்ச புல்லு, நார், சாக்கு நூல் எல்லாம் சிக்கிக்கும். தண்ணி நிரப்பின பலூன் மாதிரி தளதளன்னு இருந்து, வாயில புளிச்ச வாடை அடிச்சா உள்ள புளிச்சுக் கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். தயவுசெஞ்சு தலைகீழாப் பிடிச்சு அமுக்காதீங்க. அந்தத் தண்ணி மூச்சுக்குழாய்ல இறங்கினா கோழி உங்க கையிலேயே செத்துடும். கெட்டியா இருந்தா மட்டும் 2 மில்லி தேங்காய் எண்ணெயை அலகு ஓரமா சொட்டு சொட்டா விட்டு, பையை மெல்ல நீவி விடலாம்.

ஆனா இரைப்பையோட நிறுத்திடாதீங்க. வயசான கோழிக்கு வயித்துல கோளாறு இருந்தாலும் தீனி கீழ இறங்காம மேலேயே தங்கும்.

அடுத்து நெஞ்செலும்பு. நடு எலும்பு மேல விரலை ஓட்டுங்க. ரெண்டு பக்கமும் சதை திரண்டிருந்தா நோய் இப்பத்தான் வந்திருக்கு. எலும்பு கத்தி முனை மாதிரி கையில குத்தினா, இது 3 நாள் கதை இல்லை, வாரக்கணக்கா உள்ளுக்குள்ள இளைச்சிருக்கு. இறகு மூடியிருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. கோழி கடைசி வரைக்கும் நோயைக் காட்டிக்காது.

இப்ப முக்கியமான இடம், ரெண்டு காலுக்கும் நடுவுல அடிவயிறு. முதல்ல நல்லா இருக்குற கோழியோட வயித்தைத் தொட்டுட்டு, அதே கையால இதைத் தொடுங்க. வித்தியாசம் கையே சொல்லும். தண்ணிப்பை மாதிரி தொங்கினா நீர் கோத்திருக்கு. மாவு மாதிரி கனத்தா, மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள்ள போகாம வயித்துக்குள்ள விழுந்து சீழ் பிடிச்சிருக்கலாம். 4 வயசுக் கோழிக்கு என் முதல் சந்தேகமே முட்டை உறுப்புகள் மேலதான். சினைப்பையில கட்டி வர்றதும் இந்த வயசுல சகஜம். அதுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. இதை மறைச்சுச் சொல்றதுல உங்களுக்கும் லாபம் இல்லை, கோழிக்கும் இல்லை. நீர் கோத்திருந்தா டாக்டர் ஊசி போட்டு எடுக்கலாம், மூச்சு சுலபமாகும். ஆனா திரும்பவும் சேரும்.

வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி நின்னு முக்குதுன்னா முட்டை சிக்கியிருக்கான்னு பாருங்க. சுத்தமான விரல்ல எண்ணெய் தடவி, எச்சம் போடுற வாய் வழியா மெல்ல 5 சென்டிமீட்டர் உள்ள விட்டா ஓடு தட்டுப்படும். கை பொறுக்குற வெதுவெதுப்பான தண்ணியில அடிவயிறு முங்க 20 நிமிஷம் உட்கார வச்சு, துடைச்சு, இருட்டா வெதுவெதுன்னு இருக்குற இடத்துல விடுங்க. சில மணி நேரத்துல வரலைன்னா டாக்டர்தான். முட்டையை உள்ளேயே உடைச்சா ஓடு குழாயைக் கிழிச்சிடும்.

எச்சம் போடுற வாயைச் சுத்தி இறகை விலக்கிப் பேன், செல் (ரத்தம் குடிக்கிற பொடிப் பூச்சி) இருக்கான்னும் பார்த்துடுங்க. கொண்டை வெளுத்திருந்தா ரத்தம் குறைஞ்சிருக்கு. பேன், செல், குடல்புழு மூணுல ஒண்ணைத் தேடணும். சில செல் ராத்திரி மட்டும்தான் ஏறும், அதனால டார்ச் அடிச்சுக் கூண்டு இடுக்கைப் பாருங்க. கொண்டை நீலம் பாய்ஞ்சிருந்தா மூச்சு, இருதயக் கோளாறு. அன்னைக்கே தூக்கிட்டுப் போங்க.

வீட்டுல மிச்சம் கிடக்குற மனுஷ மாத்திரையைப் பாதியா உடைச்சுப் போடாதீங்க. அளவும் தெரியாது, நோயும் தெரியாது, முட்டையிலயும் மருந்து இறங்கும்.

ரெண்டாவது கோழியும் படுத்துட்டா கதையே வேற. விக்காதீங்க, அறுக்காதீங்க, அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்க. எப்படியும் போறப்ப, அன்னைக்குக் காலையில விழுந்த எச்சத்தைச் சின்ன டப்பாவுல எடுத்துட்டுப் போங்க, புழு முட்டை இருக்கான்னு பார்ப்பாங்க. கடைசியா எப்ப முட்டை விட்டுச்சு, ஓடு தோல்முட்டை மாதிரி மெல்லிசா இருந்துச்சா, கழிச்சல் தடுப்பூசி எப்ப போட்டீங்க, இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதி வச்சுக்கங்க. டாக்டர் முதல்ல கேட்கப் போறது அதைத்தான்.